தாலி சுமந்த ஹெலிகாப்டர்

2005 கடைசியில், அடைமழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு நாளில், வரதராஜன்பேட்டையில் ராஜதுரையின் வீட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், உங்க தம்பி குடுத்து வுட்டாரு என்று வாசலிலேயே வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ராஜதுரையின் மனைவி ஹேமலதா அதைத் தூக்கி வந்து கட்டிலில் அவன் பக்கத்தில் வைத்தாள். எழுந்து போய் வாங்க அவனால் முடியாது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போய் நாலு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் அவன் அந்தப் பக்கத்தில் பேர் வாங்கிய சீரியல் செட்டுக்காரன். மூங்கில் தட்டியில் கலர் பல்புகளைக் கோத்து மயிலை ஆட வைப்பான், அம்மனின் சூலத்தைச் சுற்ற வைப்பான். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் என்று கல்யாண வீட்டுக்காரர்கள் தேதி குறித்ததும் அவனைத்தான் தேடி வருவார்கள். கல்யாணமாகி வருடம் திரும்புவதற்குள், ஒரு மாரியம்மன் திருவிழாவில் தட்டியின் உச்சியில் பல்பு மாற்ற ஏறியவன் ஏணியோடு சாய்ந்தான். முதுகெலும்பு போயிற்று. அரியலூரில் பார்த்து, தஞ்சாவூரில் பார்த்து, மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்து, அப்படியே திரும்பி வந்தான்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் தம்பி அரவிந்தன். கூட்டாளி ஒருவன் டீக்கடையிலிருந்து கையைக் காட்ட, ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஏணியை விட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் போவதை ராஜதுரை மேலிருந்து பார்த்தான். கூப்பிட வாயெடுப்பதற்குள் ஏணி நழுவிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அரவிந்தன் கால்மாட்டில் நின்று முகம் வீங்க அழுதுகொண்டிருந்தான். தரை ஈரமாக இருந்ததால் ஏணி வழுக்கிவிட்டது என்று ராஜதுரை கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். அம்மாவிடமும் அதைத்தான் சொன்னான், ஹேமலதாவிடமும் அதைத்தான் சொன்னான். மருமகள் காலடி வைத்த நேரம் சரியில்லை என்று அம்மா பூங்காவனம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தபோதும் அவன் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. தம்பி மறுவருடமே துபாய்க்குப் போனான். வருடா வருடம் ஏதாவது அனுப்புவான். டேப்ரெக்கார்டர், கம்பளி, தைலம். இந்த முறை ஹெலிகாப்டர்.

முழங்கை நீளம் இருந்தது. ஒரே தண்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ஜோடி இறக்கைகள். மேலே உள்ளது ஒரு பக்கம் சுற்றும், கீழே உள்ளது எதிர்ப்பக்கம் சுற்றும். அதனால் ஒன்று உடம்பைத் திருப்பப் பார்ப்பதை இன்னொன்று திருப்ப விடாது. இரண்டுக்கும் மேலே, முனைகளில் குண்டு வைத்த ஒரு கம்பி குறுக்கே கிடந்து சுற்றியது. ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தக் கம்பி சாயாமல் தன் மட்டத்திலேயே சுற்றி, மேல் இறக்கையைப் பிடித்து நிமிர்த்திவிடும். இதையெல்லாம் அவன் பார்த்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டான். முதல் நாள் அவனுக்குத் தெரிந்தது, அது எழும்பி ஓட்டு வீட்டின் நடுக்கூடத்தில் நின்றது மட்டும்தான். ரிமோட்டின் குச்சியிலிருந்து விரலை எடுத்தும் அது அங்கேயே நின்றது. யாரும் பிடிக்காமல் ஒரு பொருள் நிற்பதை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கும் குணம் உண்டு என்பது போகப் போகத் தெரிந்தது. தரைக்குப் பக்கத்தில் தன் காற்றே தன்மேல் திரும்பி அடிப்பதால், எண்ணெய் கொட்டிய தரையில் கால் வைத்ததுபோல் இழுத்துக்கொண்டு போகும். அதனால் கிளப்பியதும் தயங்காமல் முழங்கால் உயரத்துக்கு மேலே ஏற்றிவிட வேண்டும். சுவரோரம் போனாலும் அதே கதைதான். ஒரு பக்கம் திருப்பினால் கொஞ்சம் மேலே ஏறும், மறுபக்கம் திருப்பினால் கொஞ்சம் இறங்கும். முன்னால் தள்ளினால் மனசில்லாமல் நகரும், குச்சியை விட்டதும் மூக்கைத் தூக்கி நின்றுவிடும். பாட்டரி தீரத் தீர இரண்டு மோட்டாருக்கும் ஒத்துப்போகாமல் வால் தானாக ஒரு பக்கம் விலகும். இறக்கிவிடு என்பதற்கு அதுதான் அடையாளம். எல்லாவற்றிலும் கஷ்டம் அதன் மூக்கு நம்மைப் பார்த்து இருக்கும்போதுதான். இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போனால் நேரே சுவரில் கொண்டுபோய் மோதும்.

காற்றுதான் அதற்கு எமன். மூணு சக்கர வண்டியில் உட்கார்ந்து வாசலில் ஒருமுறை பறக்க விட்டான். தெருமுனையிலிருந்து வந்த சின்னக் காற்றில் அது பின்னுக்குச் சாய்ந்தது. அவன் பதறி முன்னால் தள்ளினான். நிமிரப் பார்த்த மேல் இறக்கையும் குனியப் பார்த்த கீழ் இறக்கையும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கல்லாட்டம் விழுந்தது. காற்றில் மாட்டினால் எதிர்த்துத் தள்ளக் கூடாது, கொஞ்ச தூரம் போக விட்டு மெல்ல இழுக்க வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டான். பெட்டியோடு வந்த மாற்று இறக்கைகளில் பாதி அதிலேயே தீர்ந்தது.

முந்திரி உடைக்கும் வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் வரும் ஹேமலதா, கறுத்த விரல்களில் தேங்காயெண்ணெய் தேய்த்தபடி உட்கார்ந்து பார்ப்பாள். ஒருநாள் அவள் நீட்டிய உள்ளங்கையில் கொண்டுபோய் இறக்கினான். அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அடுத்த வருடம் ஆவணியில் அரவிந்தனுக்குக் கல்யாணம் என்று நிச்சயமானது. பெண் சத்யா. உடையார்பாளையத்துப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், அப்பா நல்லதம்பிக்குக் கட்சியிலும் ஆள் பழக்கம் உண்டு. மண்டபம் ஜெயங்கொண்டத்தில். லீவில் வந்திறங்கிய அரவிந்தன் நடுக்கூடத்தில் ஹெலிகாப்டர் பறப்பதைப் பார்த்தான். அது இறங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு சொன்னான்.

"அண்ணே, மேடைக்குத் தாலிய இதுல கொண்டாந்தா எப்படி இருக்கும்?"

வேண்டாம் என்றான் ராஜதுரை. சாயங்காலம் வரவேற்பில் மோதிரம் வேண்டுமானால் கொண்டு வரலாம், தவறினாலும் ஒன்றும் இல்லை, தாலி விளையாட்டுப் பொருள் இல்லை என்றான். பூங்காவனமும் கூடாது என்றாள். ஆனால் அரவிந்தன் ஏற்கனவே மாமனார் காதில் போட்டுவிட்டிருந்தான். இந்த ஜில்லாவில் எவனும் செய்யாதது என்று நல்லதம்பி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லத் தொடங்கியிருந்தார். கடைசியில் அரவிந்தன் அண்ணனின் கட்டிலோரம் உட்கார்ந்து, ஒன்னால முடியும்ணே, நீ செஞ்சாதான் எனக்குப் பெருமை என்றான். உன்னால் முடியும் என்று யாரும் ராஜதுரையிடம் சொல்லி வருடக்கணக்காகியிருந்தது. சரி என்றுவிட்டான்.

அதன்பிறகு அவன் வேறு எதையும் நினைக்கவில்லை. ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டை நூலில் தொங்கவிட்டுப் பார்த்தான். நூல் ஊசலாட, ஹெலிகாப்டர் அதன் பின்னாலேயே ஆட, ஆட்டம் கூடிக்கொண்டே போனது. தொங்கவிடக் கூடாது, வயிற்றோடு ஒட்டிக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தான். முன்னால் கட்டினால் முன்னுக்கே சரிந்தது. பாட்டரியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி எடையைச் சரிக்கட்டினான். ஹேமலதா கூடத்தின் அந்தக் கோடியில் அதைத் தரையில் வைத்து பாட்டரியை மாட்டுவாள். மாட்டியதும் அசைக்கக் கூடாது, விளக்கு நிலையாக எரியும்வரை கையை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். அது அவள் வேலை. பிறகு அவன் அதைத் தன்னை நோக்கியே ஓட்டி வந்து கட்டிலில் போட்ட பலகையில் இறக்குவான். இடது வலதாவது இப்போது கைக்குத் தானாக வந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒருமுறைகூடத் தவறவில்லை.

மண்டபத்துக்கு அவன் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அது பறக்கிற நேரம் எல்லா ஃபேனும் நின்றிருக்க வேண்டும். நாதஸ்வரம், சத்தம், கூட்டம் எதுவும் பரவாயில்லை, காற்று மட்டும் கூடாது. அதெல்லாம் நான் பாத்துக்கறேன் என்றான் அரவிந்தன்.

முகூர்த்தத்தன்று ராஜதுரையை மூணு சக்கர வண்டியிலிருந்து தூக்கி மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவனுக்கு முன்னால் பூ ஜோடித்த தட்டியை நிறுத்தினார்கள். பார்ப்பதற்கு நடுவில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். வீடியோவில் ரிமோட் தெரியக் கூடாதாம் என்று ஹேமலதாவிடம் சொன்னான்.

"ரிமோட்டு இல்லீங்க," என்றாள் அவள். "நீங்க தெரியக் கூடாது."

அவள் புடவைத் தலைப்பால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் போட்டிருந்த மேசைக்குப் போனாள். தாலியை எல்லாரும் தொட்டு ஆசீர்வதித்த தட்டு அங்கே வந்தது. மஞ்சள் கயிற்றை மடித்து ஹெலிகாப்டரின் வயிற்றோடு கட்டி, பாட்டரியை மாட்டி, கையை எடுத்துக்கொண்டு நின்றாள். விளக்கு நிலைத்தது. ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன.

ஹெலிகாப்டர் எழும்பியபோது மண்டபம் அடங்கிப்போனது. தலைகளுக்கு மேலே, ஆடாமல் அசையாமல், அது மெல்ல மேடையை நோக்கி வந்தது. கீழே மஞ்சள் கயிறு தெரிந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். சத்யா மணவறையில் தலை நிமிர்த்திப் பார்ப்பதை ராஜதுரை சந்து வழியாகப் பார்த்தான். அரவிந்தன் சிரித்துக்கொண்டிருந்தான். பாதி தூரம் கடந்தாயிற்று. ராஜதுரையின் கைகள் கல்லில் செய்தவை போலிருந்தன.

ஆவணி மாதத்துப் புழுக்கம். முன்வரிசையில் நல்லதம்பி வருந்தி அழைத்த கட்சிப் பிரமுகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முனகினார். நல்லதம்பிக்கு அது பொறுக்கவில்லை. மேடையோரம் இருந்த பெரிய ஸ்டாண்டு ஃபேனைக் காட்டி, மருமகனைப் பார்த்துப் போடட்டுமா என்பதுபோல் கையை அசைத்தார். அரவிந்தன் ஹெலிகாப்டரைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். பிறகு சரி என்று தலையை ஆட்டினான்.

ராஜதுரை அதைப் பார்த்தான். கத்தியிருந்தாலும் நாதஸ்வரத்தில் கேட்டிருக்காது. ஃபேன் வேகம் பிடித்ததும் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் சாய்ந்தது. எதிர்த்துத் தள்ளக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். அதைக் காற்றோடு போக விட்டான். ஆனால் போகிற பக்கத்தில் மணவறைத் தூண் இருந்தது, தூணுக்குக் கீழே ஓமத்தீ இருந்தது. வேறு வழியில்லாமல் இழுத்தான். டப்பென்று அந்தச் சத்தம். இறக்கைத் துண்டுகள் தெறிக்க, அது மேடையின் விளிம்பில் தலைகீழாக விழுந்தது.

நாதஸ்வரம் நின்றது. கயிறு அவிழ்ந்து, நின்றும் நிற்காமலும் சுற்றிக்கொண்டிருந்த தண்டில் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஐயர் பிரித்துப் பார்த்தார், வரவில்லை. யாரோ சமையல்கட்டிலிருந்து அரிவாள்மணையைக் கொண்டு வந்தார்கள். தாலி கட்டும் முன்னே தாலிக்கயிற்றை அறுப்பதை அந்த மண்டபமே பார்த்தது. ஒரு கிழவி வாய்விட்டு அழத் தொடங்கினாள். புதுக் கயிற்றில் மஞ்சள் தடவித் தாலியைக் கோத்துக் கொடுத்தார் ஐயர். அரவிந்தன் கட்டினான். சத்யாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

பெண்ணின் அத்தை மேடையை விட்டு இறங்கி வந்து தட்டியை ஒதுக்கினாள். மடியில் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தவனையும், நாற்காலியிலிருந்து துணிபோலத் தொங்கிய அவன் கால்களையும் பார்த்தாள்.

"இந்த மாதிரி ஆளு கையிலயா எங்க வூட்டுப் பொண்ணு தாலியக் குடுத்தீங்க?"

ராஜதுரை தம்பியைப் பார்த்தான். எல்லாரும் அரவிந்தனைத்தான் பார்த்தார்கள். ஸ்டாண்டு ஃபேன் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணனுக்குக் கை நடுங்கிருச்சுங்க," என்றான் அரவிந்தன். "உடம்பு முடியாதவரு. நாந்தான் யோசிச்சிருக்கணும்."

அன்று பந்திக்கு ராஜதுரையை யாரும் கூப்பிடவில்லை. ஹேமலதா ஒரு வேன்காரரைக் கெஞ்சி, வண்டியையும் அவனையும் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தாள். உடைந்த ஹெலிகாப்டர் அவள் பையில் இருந்தது. தண்டில் மஞ்சள் நூல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

துபாய்க்குத் திரும்பும் முன் அரவிந்தன் சொல்லிக்கொண்டு போக வந்தான். தனியாகத்தான் வந்தான். ஹேமலதா காபி கொண்டுவந்து வைத்தாள். ராஜதுரை நேரே சொன்னான்.

"நீ தலைய ஆட்டுனத நான் பாத்தேன்டா."

அரவிந்தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தனை பேரு முன்னால மாமனார நான் எப்படிண்ணே காட்டிக் குடுக்கறது? ஒன்னையச் சொன்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

"நான் எடுத்துக்க மாட்டேன்னு நெனச்சியா? அன்னிக்கு ஏணிய வுட்டுட்டுப் போன. வாயத் தெறக்காம இருந்தேன். இன்னிக்கும் அப்படியே இருப்பேன்னு நெனச்சிட்ட."

"அதுக்குத்தானே வருஷா வருஷம் அனுப்பிக்கிட்டே இருக்கேன்," என்றான் அரவிந்தன். காபியைக் குடிக்காமலே எழுந்து போனான்.

ராஜதுரை திரும்பியபோது ஹேமலதா அடுப்படி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். என்ன ஏணி என்று கேட்டாள். அவன் சொன்னான். டீக்கடை, கூட்டாளி, மேலிருந்து பார்த்தது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்லத் தன் குரலில் ஒரு தியாகியின் சாயல் ஏறுவது அவனுக்கே கேட்டது. அவள் கேட்டு முடித்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்திருந்தான்.

"நான் வந்த நேரந்தான் நீங்க வுழுந்தீங்கன்னு உங்கம்மா கொழாயடியில நின்னு சொல்லுவாங்க," என்றாள். "என் தங்கச்சிக்கு வந்த எடம் அதக் கேட்டுட்டுத்தான் திரும்பிப் போச்சு. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே படுத்துக் கெடந்தீங்க."

"தம்பிய எப்படி..."

"அவரு மாமனாரக் காட்டிக் குடுக்கல. நீங்க தம்பியக் காட்டிக் குடுக்கல. அவ்ளோதான்."

அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கோபமாகக்கூட இல்லை. அதுதான் ராஜதுரைக்குத் தாங்கவில்லை.

கல்யாண வீடுகளுக்கு சீரியல் செட்டு கோத்துக் கொடுக்கும் வேலை மட்டும் அவனுக்கு மிச்சமிருந்தது. படுத்துக்கொண்டே செய்வான், ஆட்கள் வந்து எடுத்துப்போய்க் கட்டுவார்கள். ஜெயங்கொண்டத்தில் நடந்தது பரவியபின் அதுவும் நின்றது. தாலி அறுந்த கை என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மாசியில் சத்யாவுக்குக் கரு கலைந்தது. அன்றைக்கு அறுத்த கயிறு என்று உடையார்பாளையத்தில் பேசிக்கொண்டதாகச் செய்தி வந்தது. ராஜதுரை மிச்சமிருந்த இறக்கைகளை மாட்டி ஹெலிகாப்டரை ஒருமுறை கிளப்பிப் பார்த்தான். தண்டு லேசாக வளைந்திருந்ததால் உடம்பு முழுக்க உதறியது. அது நிலைத்து நிற்காததைப் பார்க்கப் பிடிக்காமல் இறக்கிவிட்டான். பிறகு அதற்கு சார்ஜ் போடவில்லை. மாதங்கள் போக பாட்டரி உப்பிக்கொண்டது. அப்படியே பரண்மேல் போட்டார்கள்.

2007 கடைசியில், அரியலூர் மறுபடி தனி ஜில்லாவாகப் போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாட்களில், அரவிந்தன் கல்யாணத்துக்குப் பிறகு சத்யாவோடு போய்த் தங்கியிருந்த பூங்காவனம் வந்தாள். சித்திரையில் அரவிந்தன் லீவில் வந்துபோன பிறகு சின்ன மருமகளுக்கு மறுபடி நாள் தள்ளியிருந்தது, இந்த முறை நல்லபடியாக ஏழாம் மாதம். வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். ஹேமலதாவை மட்டும் அனுப்பு, நீ வர வேணாம்யா, அவங்க பயப்படுறாங்க என்றாள் மகனிடம். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

ராஜதுரை ஹேமலதாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை, நிலையில் சாய்ந்து நின்றாள். ஏணியை விட்டுவிட்டுப் போனது யார், ஃபேனைப் போடத் தலையாட்டியது யார் என்று அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். இவ வந்த நேரம் ஒண்ணும் இல்லம்மா, அவனாலதான் நான் வுழுந்தேன் என்று முடித்தான்.

பூங்காவனம் புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டாள்.

"சின்னப்புள்ள அவன் அப்ப. என்னத்தக் கண்டான்," என்றாள். "இத்தனை வருஷம் கழிச்சு இத எதுக்குய்யா கெளப்புற? புள்ளத்தாச்சி இருக்கற வூடு."

மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லியும் இருக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வாசல்வரை போய்விட்டு ஹேமலதா திரும்பி வந்தாள். ராஜதுரை அவளையே பார்த்தான். சொல்லிட்டேன் ஹேமா என்றான்.

"கேட்டேன்," என்றாள் அவள். "உங்கம்மா கொழாயடியில சொன்னப்ப சொல்லியிருந்தீங்கன்னா, இந்த வூட்டுல எனக்கும் ஒரு ஆளு இருக்குன்னு இருந்திருக்கும்."

அவனுக்குச் சோற்றைப் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் வைத்தாள். மதியத்துக்கு மேல் முந்திரி உடைக்க ஆள் கேட்டிருந்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள்.